சுவரின் சூடான பக்கம்

எங்கள் சுவர் வாரியத்தைப் பற்றி ஊருக்குள் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் பேசுகிறவர்களில் ஒருத்தராவது விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருப்பாரா? நான் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வருஷம் அங்கே குறிப்பெழுத்தராக இருந்திருக்கிறேன். அதிகாரிகள் பேசுவதை எழுதிக்கொள்வது என் வேலை. பேசியது சரியா தப்பா என்று யோசிப்பது என் வேலை இல்லை. அதற்குத் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னும் ஆள் போடவில்லை.

விதி பதினாலு இப்படிச் சொல்கிறது. குளிருக்காகச் சுவருக்குள் பஞ்சு அடைக்கும்போது கூடவே ஆவித் தடுப்புத் தாள் ஒன்றையும் வைக்க வேண்டும். பெரிய விஷயமில்லை, மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். காற்றில் இருக்கும் ஈரம் பஞ்சுக்குள் நுழைந்து, குளிர் பட்டுத் தண்ணீராகிவிடாமல் அது தடுக்கும். சுவரின் எந்தப் பக்கத்தில் வைப்பது? 'சூடான பக்கத்தில்' என்கிறது விதி. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை எழுதின மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சூடான பக்கம் எது என்று கண்டுபிடிப்பது வாரியத்தின் பொறுப்பு. ஆய்வாளர் நேரில் போய், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வெப்பமானி, அந்தப் பக்கம் ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்துச் சொல்வார். எங்கள் ஊரில் ஏழு மாசம் பனி கொட்டும். பனியில் களப்பணிக்குப் போகக் கூடாது என்று ஊழியர் நலச் சுற்றறிக்கை இருக்கிறது. வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது? அதனால் எல்லா ஆய்வும் கோடையில்தான், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

அப்படி ஒரு மத்தியானம்தான் நானும் ஆய்வாளரும் இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போனோம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். ஒல்லியான ஆள், இரண்டு முன்னங்கையிலும் சூட்டுத் தழும்பு. மனைவி அதே சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். ஒரே பெண் குழந்தை, ஆறு வயசு. மூச்சு இழுக்கும். அது ஒரு தரம் மூச்சு விட்டால் அடுத்த அறையில் யாரோ விசில் அடிக்கிற மாதிரி இருக்கும். பனி தொடங்குவதற்குள் அந்தக் குழந்தைக்கு ஈரமில்லாத, கதகதப்பான அறை ஒன்று வேண்டும், இல்லையென்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரியத்தின் முத்திரை இல்லாமல் சொந்தச் சுவரில் ஆணி கூட அடிக்க முடியாதே, அதனால் இஸ்திரிக்காரர் விண்ணப்பம் போட்டிருந்தார்.

குழந்தையின் கட்டில் வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்தது. ஆய்வாளர் ஒரு வெப்பமானியைக் கட்டில் மேல் தொங்கவிட்டார், இன்னொன்றை ஜன்னலுக்கு வெளியே வெயிலில் மாட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் பார்த்தார்.

"உள்ள இருபத்தஞ்சு. வெளிய முப்பத்தி நாலு. சூடான பக்கம் வெளிப்பக்கம். எழுதிக்கப்பா."

எழுதிக்கொண்டேன்.

"சார், இப்போ கோடை சார்," என்றார் இஸ்திரிக்காரர்.

"அதுக்கு?"

"பனிக்காலத்துல உள்ளதானே சார் சூடா இருக்கும்? அடுப்பு எரியும், நாங்க இருப்போம். வெளிய பனி. அப்போ உள் பக்கம்தானே சார் தாள் வரணும்?"

ஆய்வாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நியாயமான மனுஷன், ஆனால் நேர்மையைத் தொட்டால் பொறுக்க மாட்டார். "பனிக்காலத்துல நான் இங்க வந்து பார்த்தேனா? பார்க்காததை எப்படிய்யா எழுதறது? என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்போ பேசாம இருங்க."

ஒரு வாரத்தில் வாரியத்து ஆட்கள் வந்து சுவரைப் பிரித்துப் பஞ்சை அடைத்து, வெளிப்பக்கம் தாளைப் போட்டு மூடி, ஈயமுத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். முத்திரையை உடைத்தால் வீடு வாரியத்துக்குச் சொந்தம். இதையும் விதிப்புத்தகத்தில் போட்டிருக்கிறது, யாரும் ஒளித்து வைக்கவில்லை.

பனி வந்தது. உள்ளே இருந்த ஈரக்காற்று பஞ்சுக்குள் போனது, வெளிப்பக்கத் தாளில் முட்டியது, குளிர்ந்தது, தண்ணீராக வழிந்தது. கட்டில் பக்கத்துச் சுவர் நனைந்து, குழந்தையின் தலையணை நனைந்து, ஜனவரியில் ஒரு தரம் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இஸ்திரிக்காரர் ஏழு புகார் எழுதினார். ஏழையும் நான்தான் கோப்பில் கோத்தேன். நல்ல கையெழுத்து. புகார் விசாரணையும் களப்பணிதான் என்பதால் கோடையில் போனோம். ஆய்வாளர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது.

"எங்கய்யா ஈரம்?" என்றார்.

வாரிய இயக்குநரையே பார்க்க வேண்டும் என்றார் இஸ்திரிக்காரர். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று என் வாய் வரைக்கும் வந்தது. எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

இயக்குநர் முன்னால் வந்து நின்றவர் கையில் ஒரு பை. அதிலிருந்து இஸ்திரிப் பெட்டி, இரண்டு துண்டு, ஈரத்துணி, பிளாஸ்டிக் தாள் எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினார். வாரியக் குழு உறுப்பினர்கள் பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயா, இந்தப் பெட்டிதான் வீட்டுக்குள்ள இருக்கிற சூடு. ஈரத்துணிதான் எங்க மூச்சு, சமையல் ஆவி எல்லாம். கீழ இருக்கிற துண்டுதான் பஞ்சு. இப்போ தாளைத் துண்டுக்கு அடியில வைக்கிறேன். வாரியம் வச்ச மாதிரி." பெட்டியை மிதமான சூட்டில் வைத்து அழுத்தினார். எடுத்தார். துண்டு ஈரம், தாளில் முத்து முத்தாகத் தண்ணீர். "இப்போ இன்னொரு துண்டு. தாளைத் துண்டுக்கு மேல, சூட்டுப் பக்கம் வைக்கிறேன்." அழுத்தினார். எடுத்தார். துண்டு காய்ந்தபடியே இருந்தது. "இருபது வருஷமா ஆவியோடதான் ஐயா குப்பை கொட்டறேன். அது சூட்டுலேர்ந்து குளிருக்குத்தான் போகும். கோடையில அளந்தா தப்பாத்தான் வரும்."

சத்தியமாகச் சொல்கிறேன், பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் ஒரு விஷயம் எல்லாருக்கும் புரிந்தது அன்றைக்குத்தான். இயக்குநர் எழுந்து வந்தார். துண்டைத் தொட்டுப் பார்த்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பிரமாதம்," என்றார். "பெட்டி இன்னும் சூடாத்தானே இருக்கு?"

"இருக்குங்க ஐயா."

இயக்குநர் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். "காலர்கிட்ட கொஞ்சம் பார்த்து."

அவர் கொடுத்ததும் குழுவும் கொடுத்தது. மொத்தம் பன்னிரண்டு கோட்டு. பன்னிரண்டாவது என்னுடையது. மடிப்பு கத்தி மாதிரி விழுந்தது, அந்த வாரம் முழுக்கக் கலையவில்லை. அவர் போட்டு முடிக்கிற வரைக்கும் குழு தாளைப் பற்றி விவாதித்தது. ஐந்து பேர் உள் பக்கம் என்றார்கள், ஐந்து பேர் வெளிப்பக்கம் என்றார்கள். கடைசியில் இயக்குநர் கையைத் தூக்கி அமர்த்தினார்.

"வாரியம்னா எல்லாருக்கும் பொது. உள் பக்கம்னு சொன்னா வெளிப்பக்கம்னு கையெழுத்துப் போட்ட நம்ம ஆய்வாளருக்கு மானக்கேடு. வெளிப்பக்கம்னு சொன்னா இந்தப் பெரியவர் மனசு நோகும். யார் மனசும் நோகக் கூடாது. ரெண்டு பக்கமும் தாள் போட்டுடுங்க."

இஸ்திரிக்காரர் கையில் என் கோட்டோடு அப்படியே நின்றார். "ஐயா, பஞ்சு ஏற்கெனவே நனைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் மூடிட்டா உள்ள இருக்கிற தண்ணி வெளிய வரவே வராதுங்களே."

"வெளிய வந்தாத்தானே நீங்க பார்ப்பீங்க?" என்றார் இயக்குநர், ரொம்ப அன்பாக. "பார்த்தாத்தானே மனசு கஷ்டப்படும்?"

இரண்டாவது பனிக்காலத்தில் சுவர் வெளிப்பார்வைக்கு ஜோராக இருந்தது. உள்ளே பஞ்சு அழுகியது. கட்டிலுக்கு மேலே கறுப்பாக ஒரு பூஞ்சை கிளம்பி, துடைக்கத் துடைக்க அகலமானது. குழந்தையை நாலு தரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: இன்னொரு பனிக்காலம் இந்தச் சுவரோடு என்றால் நான் பொறுப்பில்லை. இயக்குநர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மனசு இளகிவிட்டதோ என்று கூட நினைத்தேன்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்," என்றார். "சுவர் தானா வேர்க்காது. சுவருக்கு மூக்கு கிடையாது, வாய் கிடையாது. அப்புறம் ஈரம் எங்கிருந்து வருது?"

இஸ்திரிக்காரர் முகம் மலர்ந்தது. பாவம், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. "அதைத்தான் ஐயா நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்! வீட்டுக்குள்ள இருந்துதான் வருது. நாங்க விடற மூச்சுலேர்ந்துதான்!"

"ஒப்புக்கிட்டார். எழுதிக்கப்பா," என்றார் இயக்குநர்.

எழுதிக்கொண்டேன். இஸ்திரிக்காரர் என் பேனாவையே பார்த்தார். தான் எங்கே காலை வைத்தோம் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது.

மறுவாரம் ஒரு எடை இயந்திரம் அவர்கள் வீட்டில் இறக்கப்பட்டது. மூன்று பேரும் படுக்கப் போகும்போது ஒரு தரம், எழுந்ததும் ஒரு தரம் ஏறி நின்று அட்டையில் குறிக்க வேண்டும். இரவில் குறைந்த எடை எவ்வளவோ, அவ்வளவு ஈரத்தை அந்த ஆள் மூச்சு வழியாகச் சுவருக்குக் கொடுத்திருக்கிறார் என்று கணக்கு. அப்பாவுக்கு முந்நூறு கிராம், அம்மாவுக்கு இருநூற்றைம்பது. குழந்தைக்கும் இருநூற்றைம்பது, இழுத்து இழுத்து மூச்சு விடுகிறதல்லவா. அந்தச் சுவருக்கு வாரியம் அனுமதித்தது அறுநூறு. பனி விழுவதற்குள் மூன்று பேர் கணக்கும் சேர்ந்து அந்த அறுநூறுக்குள் வர வேண்டும்.

அட்டையை வாங்க வாரம் ஒரு தடவை நான் போவேன். கதவைத் திறப்பது அந்தக் குழந்தைதான். என்னை 'எழுதுற மாமா' என்று கூப்பிடும். மூன்றாவது வாரம் அது வாசலிலேயே நின்றது. முகம் வெளுத்து, உதடு ஊதா நிறத்தில் இருந்தது. ஆனால் ஒரே சந்தோஷம்.

"எழுதுற மாமா, நேத்து நான் நூத்தி எழுபதுதான்! எண்பது குறைச்சிட்டேன்!"

"எப்படிம்மா குறைச்ச?"

"போர்வைக்குள்ள மூச்சை அடக்கிட்டே இருந்தேன். முடியாதப்போ மட்டும் கொஞ்சமா விட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

நான் அட்டையைப் பார்த்தேன். நூற்று எழுபது என்றுதான் இருந்தது. கூட்டிப் பார்த்தால் எழுநூற்று இருபது, இன்னும் நூற்று இருபது அதிகம். அதைத்தான் அந்தக் குழந்தையிடம் சொன்னேன். "இன்னும் நூத்தி இருபது இருக்கும்மா" என்றேன். என் வாயில் அப்போது வந்தது அதுதான். அதற்கப்புறம் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று. எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளே ஒரு காலையில் போர்வையைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கே குளிக்காத தலையோடு அலுவலகத்துக்கு வந்தாள். புருஷன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"யோவ், உங்க வீட்டுல எத்தனை பேர்யா மூச்சு விடறீங்க?" என்று இயக்குநரைப் பார்த்தே கேட்டாள். "உங்க சுவர் எத்தனை கிராம் தாங்குது? ஏறி நில்லுங்க, நானும் பார்க்கறேன்! என் குழந்தை நீலம் பாரிச்சுக் கிடக்குய்யா, உங்க கையெழுத்துல கொள்ளி வைக்க!"

"வேணாம், விடு," என்றார் புருஷன்.

"என்னத்தை விடறது? இத்தனை நாளா விட்டுத்தானே இந்தக் கதி!"

இயக்குநர் கோபப்படவே இல்லை. பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்குவம் உண்டு. "அம்மா, என் குடியிருப்பு பழைய கல் கட்டடம். பஞ்சு கிடையாது, தாள் கிடையாது. வாரியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கட்டினது, அதனால ஒரு குறையும் இல்லாம இருக்கு. உங்க வருத்தம் புரியுது. எனக்கும் பொண்ணு இருக்கா. அதனாலதான் சொல்றேன். ஒருத்தரை மட்டும் குறைச்சுட்டா சுவர் சரியாயிடும்."

"நான் போயிடறேன் ஐயா. சலவைக்கூடத்துலயே படுத்துக்கறேன்," என்றார் இஸ்திரிக்காரர்.

"நீங்க விண்ணப்பதாரர். நீங்க இல்லேன்னா வீட்டுக்கு அனுமதியே இல்ல."

"அப்போ நான்," என்றாள் அவள்.

"நோயாளிக் குழந்தையைத் தாய் இல்லாம விடறதா? வாரியத்துக்கு நெஞ்சில ஈரம் இல்லையா என்ன?" இயக்குநர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எங்களோட உலர் விடுதி இருக்கு. இருபது கட்டில். பாப்பா அங்க ராணி மாதிரி இருப்பா. அவ போனா ஐந்நூத்தி ஐம்பதுதான். சுவருக்கு ஐம்பது கிராம் மிச்சம் கூட இருக்கு."

குழந்தையை வீட்டிலேயே வைத்திருந்தால் அது மூச்சை அடக்கி அடக்கியே போய்விடும் என்ற பயம் இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது. உலர் விடுதி என்ற பெயரிலாவது ஈரம் இல்லையே. இஸ்திரிக்காரர் கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்கினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

உலர் விடுதியின் சுவரும் விதி பதினாலின்படி, இரண்டு பக்கமும் தாள் போட்டதுதான். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்து கொடுத்ததே நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

பனி நடுவில் விடுதியில் குழந்தைக்கு இழுப்பு அதிகமானது. தாய் அங்கேயே பாத்திரம் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்து, சமையலறை மூலையில் படுத்துக்கொண்டாள். இஸ்திரிக்காரர் மட்டும் வீட்டைக் காத்துக்கொண்டு இருந்தார். குழந்தை என்றைக்காவது திரும்பி வந்தால் ஒரு அறை வேண்டுமே. பிப்ரவரியில் ஒரு விடிகாலை அழுகிய சுவர் இடிந்து அந்தக் கட்டில் மேலேயே விழுந்தது. மூன்று நாள் அவர் சலவைக்கூடத்தில் படுத்தார். மூன்று நாள் விண்ணப்பதாரர் குடியிருப்பில் இல்லை என்று நான் எழுதிக்கொண்டேன். சுவர் இடிந்ததில் ஈயமுத்திரையும் உடைந்திருந்தது. வீடு வாரியத்துக்கு வந்துவிட்டது.

வாரியம் சும்மா சொல்லக் கூடாது, வீட்டைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது. புதுப் பஞ்சு, இரண்டு பக்கமும் புதுத் தாள், வெள்ளைச் சாயம். சுவருக்குள் இருக்கும் ஈரத்தைக் காட்டுகிற மீட்டர் ஒன்றைக் கட்டில் இருந்த இடத்தில் பதித்தார்கள். ஆள் இல்லாத வீடு, முள் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. இயக்குநர் திறப்பு விழாவில் கண்கலங்கப் பேசினார்: "தாள் எந்தப் பக்கம்னு மூணு வருஷம் சண்டை போட்டோம். பிரச்சினை தாள்ல இல்ல, மனுஷங்ககிட்டதான்னு இந்தச் சுவர் நிரூபிச்சிடுச்சு. இது மாதிரி வீடுகள் ஊர் முழுக்க வரணும்னு நான் ஆசைப்படறேன்." எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டைப் பொதுமக்கள் வந்து பார்க்கும் காட்சி வீடாக்கி, என்னை அதற்கு வழிகாட்டியாக மாற்றினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, பதவி உயர்வு என்றே சொல்லலாம். பத்துப் பேர், பத்துப் பேராக உள்ளே விட வேண்டும். வாயருகே துணி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் அந்த மூன்று பேரும் நின்றார்கள். விடுதியிலிருந்து குழந்தையை ஒரு நாள் வெளியே விட்டிருந்தார்கள் போலிருக்கிறது. அது எங்கே போகலாம் என்றால் இங்கேதான் என்று சொல்லியிருக்க வேண்டும். உயரமாக வளர்ந்து, குச்சியாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறியது.

"எழுதுற மாமா!" என்றது.

எல்லாரும் பார்த்தார்கள். நான் அடையாளம் தெரியாதவன் மாதிரி, "வரிசையா வாங்க, சுவரைத் தொடாதீங்க," என்றேன்.

குழந்தை நேராகத் தன் அறைக்குப் போனது. கயிறு கட்டிய இடத்துக்கு முன்னால் நின்று வெள்ளைச் சுவரை மேலும் கீழும் பார்த்தது. அதன் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இப்போ இங்க யாரு தூங்கறா?"

"யாரும் இல்ல."

"ஏன்? இவ்வளவு நல்லா இருக்கே?"

நான் பதில் தேடுவதற்குள் அதற்கு இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. உடம்பு மொத்தமும் இரண்டாக மடங்கி, கயிற்றின் மேல் சாய்ந்துகொண்டு, மூச்சு எடுக்க இடமே இல்லாமல் இருமியது. மீட்டரில் முள் ஆடியது. பின்னால் நின்ற பார்வையாளர்களில் ஒரு அம்மாள், "ஐயையோ, சுவர் கெட்டுடப் போகுது" என்றாள். முள் பச்சைக் கோட்டைத் தாண்டினால் நான் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும்.

"பாப்பாவை வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றேன். "வெளிய போய் இருமச் சொல்லுங்க."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இஸ்திரிக்காரர்தான் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "மன்னிச்சுக்கோங்க சார், தெரியாம வந்துட்டோம், மன்னிச்சுக்கோங்க," என்று சொல்லிக்கொண்டே, தழும்பு விழுந்த கையால் தன் மகளின் வாயைப் பொத்தினார். பொத்தியபடியே தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். அதன் கால்கள் அவர் இடுப்பில் உதறிக்கொண்டிருந்தன.

முள் பழைய இடத்துக்கு வர நாலு நிமிஷம் ஆனது. வந்ததும், வெளியே நின்ற அடுத்த பத்துப் பேரை உள்ளே வரச் சொன்னேன்.